மீன்பாடி வண்டி போகிற வழி: ராயபுரம் முதல் எண்ணூர் வரை சக்கர நாற்காலியில்

துறைமுகத்துக்குத் தெற்கே கடல் பார்க்கப் போவது இப்போது பெரிய காரியமில்லை. மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலத்தில் மரப்பாதை போட்டார்கள். திறந்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து அதைச் சேதப்படுத்தியது. பிறகு சரி செய்தார்கள். பெசன்ட் நகருக்கும் அப்படி ஒன்று வந்துவிட்டது. வடசென்னைக் கரைக்கு மட்டும் யாரைக் கேட்டாலும், "அங்க என்னா இருக்கு, கல்லும் கன்டெய்னர் லாரியும்தான்" என்பார்கள். இரண்டும் இருப்பது உண்மை. ஆனால் அதே கரையில் ஐஸ் பெட்டியும் வலையும் மீன் கூடையும் தினமும் உருண்டுதான் போகின்றன. மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டி போகிற இடத்துக்குச் சக்கர நாற்காலியும் போகும். இந்தக் குறிப்புகள் அந்த ஒரு விதியை நம்பி எழுதப்பட்டவை.

நாற்காலியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கையால் உருட்டும் மடக்கு நாற்காலி. பின்சக்கரம் 24 அங்குலம், முன்சக்கரம் 6 அங்குலம், கைவளையத்தோடு சேர்த்து அகலம் 64 செ.மீ. அச்சின் நடுப்பொத்தானை அழுத்தினால் பின்சக்கரம் கழன்று வரும் ரகம். பையில் 5 மி.மீ. ஆலன் சாவி, பிளேடு, ஒரு ட்யூப், மூன்று மீட்டர் நைலான் கயிறு, ரப்பர் பிடியுள்ள கையுறை, மூன்று கோணிப்பை. கோணி எதற்கென்று வெள்ளிக்கிழமைக் குறிப்பில் வரும். கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். மணலில் தனியாகச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் மோட்டார் வைத்த வண்டிக்காரராக இருக்க வேண்டும்.

பிப்ரவரி 5, வியாழன். ராயபுரம்

வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கியாயிற்று. சுரங்க நிலையங்களில் லிஃப்ட் எல்லா வாசலிலும் இருக்காது. எந்த வாசலில் இருக்கிறது என்பதை உள்ளே இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். மேலே வந்த பிறகு சாலையின் தப்பான பக்கத்தில் இருப்பது தெரிந்தால், சாலையைக் கடப்பதைவிடத் திரும்ப உள்ளே போய் வருவது மேல். கழிப்பறை வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வெளியில் சக்கர நாற்காலி நுழைகிற கழிப்பறையை நம்பி இந்தப் பக்கம் திட்டம் போடவே முடியாது. அதனால் ஒவ்வொரு நாளும் மெட்ரோ நிலையத்தில் தொடங்கி மெட்ரோ நிலையத்தில் முடிகிற மாதிரிதான் வழி வகுத்தது. பூட்டியிருந்தால் காவலரிடம் கேட்டால் போதும், சாவி வரும்.

ராயபுரம் ரயில் நிலையம் பார்க்க வேண்டிய இடம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. வரிசைத் தூண்கள் நிற்கிற அந்த முகப்பை வெளியிலிருந்து பார்க்கவே ஒரு மணி நேரம் போகும். பிற்பகல் மூன்றுக்கு மேல் போனால் கடற்காற்று எழும்பிவிடும். பிப்ரவரி வெயிலும் அப்போது உறைப்பதில்லை.

அங்கிருந்து ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கக் கூட்டம் நடந்த இடம். தொலைவு பெரிதில்லை. நடைபாதைதான் பெரிய சோதனை. புதிதாகப் போட்ட நடைபாதைகளின் முனையில் சரிவு வைத்திருக்கிறார்கள், பாராட்டத்தான் வேண்டும். அந்தச் சரிவின் வாயில் இரண்டு பைக் நிற்கும். ஏறிவிட்டால், நாற்பதடி தள்ளி மின்பெட்டி வழியை அடைக்கும். இறங்கச் சரிவு இருக்காது. ஆகவே சாலை ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி போவதுதான் பாதுகாப்பு. முதுகுக்குப் பின்னால் வரும் ஷேர் ஆட்டோவைவிட முகத்துக்கு எதிரே வரும் ஷேர் ஆட்டோ நல்லது.

சரிவு என்றால் என்ன கணக்கு என்று தெரிந்து வைத்திருப்பது உதவும். ஒரு அடி ஏற பன்னிரண்டு அடி நீளம் இருந்தால்தான் கையால் உருட்டி ஏற முடியும். கடைக்காரர்கள் கால்வாய் மேல் போடுகிற கடப்பைக்கல் பெரும்பாலும் ஒன்றுக்கு மூன்று, ஒன்றுக்கு நாலு. அதில் நேராக ஏறினால் நாற்காலி மல்லாந்துவிடும். கூட வருபவர் பின்னால் நின்று பிடிக்க, உட்கார்ந்திருப்பவர் முன்னால் குனிய வேண்டும். இறங்கும்போது முதுகுப்பக்கமாக இறங்க வேண்டும்.

வழியில் ஒரு சின்னப் பூங்காவின் வாசல், மாடும் பைக்கும் வராமலிருக்க இரும்புக் குழாயை வளைத்து வளைத்து நட்ட ரகம். குழாய்களுக்கு நடுவே 70 செ.மீ. இருந்தது. 64 செ.மீ. வண்டி நேராகப் போகும், ஆனால் அது திரும்பும் வளைவு. நாற்காலி ஒரு வட்டம் அடிக்க ஒன்றரை மீட்டர் வேண்டும். கைவளையத்தைப் பிடித்த விரல் முட்டிகள் சிராய்த்ததுதான் மிச்சம். இப்படி வாசல் வந்தால் முட்டி மோத வேண்டாம். குப்பை வண்டி உள்ளே போக ஒரு பெரிய கேட் எங்காவது இருக்கும், தோட்டக்காரரைக் கேளுங்கள். கேட்டதும் திறந்துவிட்டார். "மொதல்லயே ஒரு கொரல் குடுத்திருக்கலாமே சார்" என்று வருத்தம் வேறு.

வீடு திரும்பும் வழியில் பீச் ஸ்டேஷன் எதிரே செகண்ட் லைன் பீச்சில் அத்தோ. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடு. மஞ்சள் நூடுல்ஸ், பச்சைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். தட்டு 80 ரூபாய். நின்றுகொண்டு சாப்பிடுகிற கடை அது, உட்கார இடத்துக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். சொந்த நாற்காலியோடு போகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. கடைக்காரர் கேட்ட கேள்விதான் வழக்கமான கேள்வி, கூட வந்த தம்பியிடம்: "அவருக்குக் காரம் போடலாமா?" அவரையே கேளுங்களேன் என்று தம்பி சொன்னதும் சிரித்துவிட்டு, கூடுதலாக ஒரு முட்டை வைத்தார், காசு வாங்கவில்லை.

தாழ்தளப் பேருந்து பற்றி ஒரு வார்த்தை. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கியதும் இந்தப் பக்கம் வழி கொஞ்சம் திறந்தது. தரை சுமார் 40 செ.மீ. உயரம், நிறுத்தத்தில் ஒரு பக்கம் சாய்ந்து இன்னும் தாழும், கதவோரம் மடித்த பலகையை விரித்து விடுவார்கள். பேருந்து நடைபாதையை ஒட்டி நின்றால் சரிவு சுலபம். நடுச்சாலையில் நின்றால் அதே பலகை செங்குத்தாகிவிடும். அதனால் கையைக் காட்டும்போதே நடைபாதை விளிம்பில் நிற்க வேண்டும், ஓட்டுநர் ஒட்டி நிறுத்துவார்.

பிப்ரவரி 6, வெள்ளி. திருவொற்றியூர்

கடற்கரைக்குப் போகும் நேரத்தைப் பஞ்சாங்கம் பார்த்து முடிவு செய்யலாம். சென்னையில் கடல் ஏறி இறங்குவது பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏறத்தாழ ஒரு மீட்டர். நடு நாட்களில் அதில் பாதிகூட இருக்காது. தைப்பூசப் பௌர்ணமி போன ஞாயிறு. ஐந்து நாள் தள்ளி, காலை ஆறரை ஏழுக்குக் கடல் வற்றியிருக்கும். வற்றிய கரையில் ஈர மணல் அகலமாகக் கிடைக்கும். நாற்காலி ஓடுவது அந்த ஈரப்பட்டையில் மட்டும்தான். இன்னொரு லாபம், பனி. தை மாதத்துப் பனியில் மேல்மணல் எட்டு மணி வரை இறுகிக் கிடக்கும். வெயில் ஏறியதும் அதுவே பொலபொலவென்று ஆகிவிடும்.

தேரடி மெட்ரோவிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் எண்ணூர் விரைவுச் சாலை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். நிற்கிற லாரி வரிசை கடப்பவருக்கு நல்லது என்று நினைக்கத் தோன்றும். உட்கார்ந்திருப்பவரின் தலை லாரி பம்பருக்கு மேலே கொஞ்சம்தான் தெரியும். உயரத்தில் இருக்கும் ஓட்டுநருக்கு மூக்குக்குக் கீழே இருப்பது தெரியாது. இரண்டு லாரிக்கு நடுவே எந்தக் காரணத்துக்காகவும் நுழையக் கூடாது. வரிசையின் முதல் லாரிக்கு முன்னால் போய், ஓட்டுநர் பார்த்துத் தலையாட்டிய பிறகு கடந்தோம். தலையாட்டியதோடு நிற்காமல் ஒரு ஓட்டுநர் இறங்கி வந்து மறுபக்க வண்டிகளையும் நிறுத்தினார்.

கடந்ததும் கல். ராயபுரத்திலிருந்து மேலே போகப் போக இதே கல்தான் கரை. காரணம் துறைமுகம். 1870களின் நடுவில் கடலுக்குள் கல்சுவர் கட்டத் தொடங்கியதிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்து வருகிற மணல் அங்கேயே தங்கிவிட்டது. தங்கிய மணலில் மெரினா அகலமானது. மணல் வராத வடக்கே கடல் கரையைத் தின்று தெருக்களை விழுங்கியது. மிச்சத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். மெரினாவில் மணல் அதிகமாக இருப்பதால் நாற்காலிக்குக் கஷ்டம், இங்கே மணலே இல்லாததால் கஷ்டம். இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

நடக்கிறவர்கள் கல் மேல் ஏறி நின்று கடல் பார்ப்பார்கள். நாற்காலியில் இருப்பவரின் கண் உயரம் நாலடிக்குச் சற்றுக் குறைவு. கல்வரிசை சாலையிலிருந்து ஐந்தடி, ஆறடி. ஆகவே எவ்வளவு தூரம் போனாலும் அலைச்சத்தம் கேட்கும், கடல் தெரியாது. இங்கே தேட வேண்டியது தூண்டில் வளைவை. கரையிலிருந்து கடலுக்குள் கல்லைக் கொட்டி நீட்டிய தடுப்பு அது. வடக்கே போகிற மணல் அதில் முட்டித் தென்பக்கம் படியும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஓட்டம் திசை மாறும் என்பதால் தை முடிகிற சமயத்தில் வடபக்கத்திலும் கொஞ்சம் மணல் மிச்சம் இருக்கும். இரண்டு வளைவுக்கு நடுவே சின்னச் சின்ன மணல்திட்டு. அங்கேதான் படகை ஏற்றுகிறார்கள். படகு ஏறுகிற இடத்தில் கல்வரிசையில் ஒரு வாய் விட்டிருப்பார்கள். ஐஸ் பெட்டி ஏற்றிய மீன்பாடி வண்டி ஒன்று சாலையிலிருந்து திரும்பியது. அதன் பின்னாலேயே போனோம். உடைந்த காங்கிரீட் துண்டும் சரளையும் கொட்டி மிதித்து இறுக்கிய சரிவு. கரடுமுரடுதான், ஆனால் போய்ச் சேர்ந்தது மணலுக்கு.

இனி மணல். முன்சக்கரம் சின்னது, உட்கார்ந்தவர் எடையில் பெரும் பங்கு அதன் மேல் விழுந்தால் உடனே புதைந்துவிடும். பின்னாலிருந்து தள்ளத் தள்ள இன்னும் ஆழமாகப் போகும், கடைசியில் ஆள் முன்னால் விழுவார். முன்சக்கரத்தைத் தரையில் படவிடாமல் இருப்பதுதான் சூத்திரம். முதலில் பின்னால் கவிழாமல் தடுக்கும் குட்டிச் சக்கரங்களை மேலே மடக்க வேண்டும், இல்லாவிட்டால் அவை ஏர்க்கால் மாதிரி மணலை உழும். இடுப்புப் பட்டையைப் போட வேண்டும். நாற்காலியைத் திருப்பி, முதுகு கடலைப் பார்க்க, கூட வந்தவர் தள்ளுகைப்பிடியைப் பிடித்துச் சாய்த்துப் பின்னால் இழுக்க வேண்டும். எடை முழுவதும் பெரிய சக்கரத்துக்குப் போய்விடும். முன்பக்கமாகவே போக வேண்டுமென்றால், முன்சட்டத்தின் அடியில் இரண்டு பக்கமும் கயிற்றைக் கட்டி ஒருவர் மேல்நோக்கி இழுக்க, ஒருவர் பின்னால் சாய்க்க வேண்டும்.

டயர் காற்றைக் குறைப்பது பாதி உதவும். 65 பி.எஸ்.ஐ. அடைத்திருந்ததை 35 ஆக்கினால் டயர் பரந்து மணலில் மிதக்கும். ஆனால் நாற்காலியின் பிரேக் டயரை அழுத்திப் பிடிக்கிற பிரேக். காற்று குறைந்தால் அது பிடிக்காது. சரிவில் நிறுத்திவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள். சக்கரத்துக்கு அடியில் கல் வைக்க வேண்டும்.

காய்ந்த மணல்பட்டை முப்பது மீட்டர் இருந்தது. அங்கே கோணி. கடல்தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒன்றன்பின் ஒன்றாக மூன்றை விரித்து, கடந்ததை எடுத்து முன்னால் போட்டு, மறுபடி கடந்து. நனைக்காத கோணி சக்கரத்தோடு சுருண்டு வரும், நனைத்தது மணலோடு ஒட்டிக்கொள்ளும். இருபது நிமிடம் பிடித்தது. பார்த்துக்கொண்டிருந்த பையன்கள் இரண்டு பேர் பொறுமையிழந்து ஓடிவந்து இரண்டு பக்கக் கைதாங்கியையும் பிடித்துத் தூக்கினார்கள். கைதாங்கி மட்டும் அவர்கள் கையோடு வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் சத்தம் போட்டார்: "டேய், கண்ட எடத்துல புடிக்காத! எங்க புடிக்கணும்னு சாரக் கேளு!" தூக்குகிறவர்களுக்குச் சொல்லும் விதி இதுதான்: கழலாத சட்டத்தை மட்டும் பிடியுங்கள். கைதாங்கி, கால்மிதி, சக்கரம் மூன்றும் கூடாது. பின்னால் ஒருவர், முன்னால் கால்மிதிக்கு மேலே உள்ள சட்டத்தில் ஒருவர், ஒருவரே எண்ணிச் சொல்ல வேண்டும். அடுத்த தடவை பையன்கள் சரியாகப் பிடித்தார்கள். ஈர மணலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "திரும்பிப் போறப்ப கூப்புடு சார்" என்று சொல்லிவிட்டுப் படகுக்குப் போய்விட்டார்கள்.

ஈர மணலிலும் நிறுத்தி வைத்தால் அலை வந்து திரும்பும்போது சக்கரத்துக்கு அடியில் இருக்கும் மணலைச் சுரண்டும். இரண்டு மூன்று அலைக்கு ஒரு தடவை இடம் மாற்ற வேண்டும். அலை நேரே படும்படி நிற்காமல் சற்றுக் குறுக்காக நிற்பது நல்லது.

ஒன்பதரைக்கு மேல் தியாகராஜர் கோயில் பக்கம். தை வெள்ளி, வடிவுடையம்மனுக்குக் கூட்டம் தெருவரை நின்றது. உள்ளே போகிற எண்ணம் இல்லை. குளமும் தேரடி வீதியும் சமதரை; மாசிப் பெருவிழா நெருங்குவதால் தெருவில் இப்போதே களை கட்டியிருந்தது. தேர் ஓடுகிற தெருவில் நாற்காலி ஓடுவதற்குத் தனியாக யாரும் வழி செய்ய வேண்டியதில்லை. இட்லியும் வடகறியும் 55 ரூபாய். கடைப்படி இரண்டு, தட்டு தெருவுக்கே வந்தது. நடுவில் வந்து "சட்னி வேணுமா" என்று ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து கேட்ட பரிமாறும் அக்காவுக்கு நன்றி.

பிப்ரவரி 7, சனி. எண்ணூர்

விம்கோ நகரிலிருந்து முகத்துவாரத்துக்கு ஆட்டோ, 200 ரூபாய். ஆட்டோவில் ஏறுவது இடப்பக்கம் மட்டும், வலப்பக்கம் கம்பி. இருக்கை நாற்காலியைவிட உயரம், எனவே ஏறுவது கஷ்டம், இறங்குவது சுலபம். பின்சக்கரங்களைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் செருகி, மடக்கிய சட்டத்தைக் கால்பக்கம் நிறுத்தினால் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். கழற்றிய அச்சைத் திரும்பப் பொருத்தும்போது 'டக்' என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்காமல் புறப்பட்டால் முதல் பள்ளத்தில் சக்கரம் தனியாகப் போகும்.

கொசஸ்தலையாறு கடலில் சேருகிற இடம் இது. பக்கிங்ஹாம் கால்வாயும் இந்தக் கழிமுகத்தோடு சேருகிறது. ஒரு பக்கம் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி, நடுவே கூழைக்கடாக்கள், இந்தப் பக்கம் இறால் பிடிக்கத் தண்ணீரில் இறங்கி நிற்பவர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி இந்தக் கரையின் படகும் வலையும் கருத்துப்போனது நினைவிருக்கும். அழகு, அவலம் என்று பிரித்துப் பார்க்க முடியாத காட்சி, இரண்டும் ஒரே சட்டகத்தில் வரும். பறவைகளுக்காகப் போகிறவர்கள் காலை எட்டுக்குள் போய்விடுங்கள், ஒன்பதுக்குள் அவை நடுத்தண்ணீருக்குப் போய்விடுகின்றன.

கரையை நம்பக் கூடாது. மேலே காய்ந்து ஓடு கட்டி, சாம்பல் நிறத்தில் சிமெண்ட் தரை மாதிரித் தெரியும், உள்ளே கூழ். ஆள் நடந்தால் செருப்பு பதிகிற அளவுதான். நாற்காலியின் ஒல்லி டயர் ஒரு சாண் இறங்கிவிடும். ஒரு குச்சியைக் குத்திப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. விரல்நீளத்துக்கு மேல் இறங்கினால் திரும்பிவிடுங்கள். இங்கும் மீன்பாடி வண்டியின் தடம்தான் வழி. இறால் ஏற்ற வண்டி வருகிற ஒற்றைத்தடம் மட்டும் கல்போல இறுகியிருந்தது. அதில் ஓரமாக நின்று ஒரு மணி நேரம் பார்த்தோம். மீன்காரர்கள் தங்கள் வழியைத் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் விஷயம். அரசு போட்ட சரிவைவிட இது பல இடங்களில் நன்றாக இருக்கிறது.

தடத்தின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். திரும்பும் வழியில் முள் குத்தி வலது டயரில் காற்று இறங்கிவிட்டது. முள்ளைப் பிடுங்கக் கூடாது, முதலில் எந்த இடமென்று டயரில் குறி போட வேண்டும்; பிடுங்கிவிட்டால் ட்யூபில் ஓட்டை தேடி அலைய வேண்டும். முள்ளின் நுனி டயருக்கு உள்பக்கம் முறிந்து நிற்கும், அதை விரலால் தடவி எடுக்காமல் புது ட்யூப் போட்டால் அதுவும் பஞ்சர். சைக்கிள் கடையில் ஒட்ட 40 ரூபாய். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றிய விதத்தைப் பார்த்து, "இன்னா ஈஸியா வருது, சைக்கிளுக்கும் இத்த வெச்சா நல்லாருக்கும்" என்று அச்சை நாலு தடவை போட்டுப் போட்டு எடுத்தார்.

வெளியூர் போகிற நாற்காலிக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது: டயர் பக்கவாட்டில் 37-540 என்று எண் இருக்கும். சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற 24 அங்குல சைக்கிளில் பெரும்பாலும் 507 எண் டயர். இரண்டும் 24 அங்குலம் என்றே விற்பார்கள், ஆனால் அது இந்த வளையத்தில் ஏறாது. ட்யூப் ரப்பர், இழுபடும். அவசரத்துக்கு சைக்கிள் ட்யூப் போட்டு வீடு வந்து சேரலாம். டயரை மட்டும் மாற்று ஒன்று வீட்டில் வாங்கி வைத்திருங்கள். இன்னொன்று, சைக்கிள் ட்யூபின் வால்வில் பெட்ரோல் பங்க் காற்றுக்குழாய் பொருந்தாது, சைக்கிள் கடைப் பம்புதான். நாற்காலியோடு வந்த ட்யூப் கார் வால்வு வைத்ததாக இருந்தால் பங்கிலேயே காற்று.

மதியம் நல்ல வெயில். தர்பூசணிக் கீற்று 20 ரூபாய், இந்த மாதத்துக்கே வந்துவிட்டது. இனிப்பு இன்னும் ஏறவில்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு. காசிமேடு

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்கு நாற்காலியில் போகாதீர்கள். வார நாளில் போங்கள். பாதி சென்னை அங்கே மீன் வாங்க நிற்கும்போது 64 செ.மீ. இடத்துக்குச் சண்டை போட வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்போது சின்னப் படகு மீன் மட்டும். கூட்டம் குறையும், விலை ஏறும். நாற்காலிக்கு மாசி, பங்குனி வார நாட்கள்தான் சரி.

போனது போனதுதான், பார்த்ததைச் சொல்லிவிடலாம். தரை முழுவதும் ஐஸ் உருகிய தண்ணீரும் செதிலும். கைவளையம் வழுக்கும், அது வெறும் கைக்கு ஆகாது. சக்கரம் தொடுவதெல்லாம் கைக்கு வரும் என்பதால் கையுறையும் சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலும் இல்லாமல் இங்கே வந்து பிறகு மீன் வறுவல் சாப்பிட முடியாது. தண்ணீர் வடிய வைத்த இரும்பு வலைமூடிகள் அடுத்த ஆபத்து. கம்பிகள் போகிற திசையிலேயே நாமும் போனால் முன்சக்கரம் இடுக்கில் விழுந்து சட்டென்று நிற்கும், ஆள் போய்க்கொண்டே இருப்பார். கம்பிக்குக் குறுக்காக அல்லது முன்சக்கரத்தைத் தூக்கிக் கடக்க வேண்டும்.

மூன்றாவது ஆபத்து எங்கும் எழுதி வைக்காதது: நைலான் நரம்பு. கிழிந்த வலையிலிருந்து முடி மாதிரி மெல்லிய இழைகள் தரையெங்கும் கிடக்கும். முன்சக்கரத்தின் அச்சில் ஒன்று சிக்கினால் சுற்றிச் சுற்றி இறுகி, ஐம்பதடிக்குள் சக்கரம் சுற்றாமல் இழுபடத் தொடங்கும். தள்ளுகிறவர் தரை வழுக்குகிறது என்று நினைப்பார். ஓரமாக ஒதுங்கி, பிளேடால் அச்சுக்கு இணையாக ஒரே கோடு கிழித்தால் இழைகள் கற்றையாக வரும். நேர் குறுக்கே வெட்டினால் பேரிங் மூடி கிழியும்.

இவ்வளவையும் தாண்டி ஒரு விஷயத்துக்காக இந்தச் சந்தை பிடிக்கும். மீன்காரம்மாக்கள் தாழ்வாக உட்கார்ந்து, மீனையும் தாழ்வாகவே பரப்பி வைத்திருக்கிறார்கள். நிற்பவர்கள் இடுப்பை ஒடித்துக் குனிந்து செவுளைத் திறந்து பார்க்கிறார்கள். நாற்காலியில் இருப்பவர் கை நீட்டினால் போதும். ஊரில் எல்லாக் கவுண்டரும் மோவாய் உயரத்தில் இருக்க, பேரம் பேச இருவர் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்கிற இடம் இது ஒன்றுதான். சங்கரா கிலோ 400 சொல்லி 320க்கு முடிந்தது. வஞ்சிரம் ஆயிரத்துக்கு மேல், ஞாயிறு விலை. "வண்டில வந்திருக்கியேன்னு கொறைக்கல, காலைல மொத போணின்னு கொறைச்சேன்" என்று அந்தம்மா கறாராகச் சொன்னது நன்றாக இருந்தது. வெட்டித் தர தனிக்கூலி, கிலோவுக்கு 50.

வெளியே வந்ததும் தட்டுக்கடையில் மத்தி வறுவல், நெத்திலி, சுறாப்புட்டு. தட்டு 60 முதல் 100. எண்ணெய் எந்தக் காலத்ததோ தெரியாது, சுறாப்புட்டு மட்டும் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம்.

பிப்ரவரி 9, திங்கள். வாசலில்

உப்பு உடனே தெரியாது. மூன்று வாரம் கழித்து ஒரு நாள் பின்சக்கரத்தைக் கழற்றப் பார்த்தால் அச்சு வராது. அதனால் கடலுக்குப் போய் வந்த மறுநாளே கழுவ வேண்டும். குழாயை நேராகச் சக்கர நடுவில் அடிக்கக் கூடாது, உப்புத் தண்ணீரை பேரிங்குக்குள் நாமே ஏற்றின மாதிரி ஆகும். நல்ல தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்து, பின்சக்கரங்களைக் கழற்றி அச்சைத் தனியாகக் கழுவி, நிழலில் ஒரு மணி நேரம் காயவைத்து, அச்சில் மெல்லிசாக கிரீஸ். தேங்காயெண்ணெய் வேண்டாம், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இருக்கைத் துணியைக் கழற்றி அலசாவிட்டால் காசிமேடு ஒரு மாதம் கூடவே வரும். டயருக்கு 65 காற்று அடைத்து, பிரேக் இரண்டும் பிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

முன்சக்கரங்களில் இடதுபக்கம் கரகரவென்றது. உள்ளே இருப்பது 608 எண் பேரிங், ஸ்கேட்டிங் சக்கரத்தில் போடுகிற அதே அளவு, எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். ஒரு சக்கரத்துக்கு இரண்டு வேண்டும். 608 என்று மட்டும் கேட்டால் இரும்பு மூடி போட்டதைத் தருவார்கள். அது தூசியைத் தடுக்கும், கடல்தண்ணீரைத் தடுக்காது. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள '2ஆர்எஸ்' என்று கேட்டு வாங்குங்கள்.